ஆயிரத்து இருநூறு ரூபாய் மிச்சமாம்!

தீம் பார்க்குக்குப் போகும் குடும்பம் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே சாப்பாட்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டிவிட வேண்டும், அதுதான் லாபம் என்று எங்கள் பகுதிச் செய்திமடலில் அன்பர் ஒருவர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். கட்டாதவர்களுக்குக் கணக்குத் தெரியாதாம். வீட்டிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போகிறவர்கள் காலத்தோடு நடக்கத் தெரியாதவர்களாம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் பள்ளி விடுமுறை விட்டால் பிள்ளைகளின் நச்சரிப்பு எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். பெங்களூரு நெடுஞ்சாலையில் செம்பரம்பாக்கம் பக்கம் குயின்ஸ்லேண்ட் இருக்கிறது. 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் வொண்டர்லாவும் திறந்தாகிவிட்டது. அன்பரின் யோசனையை நம்பி நாலு குடும்பமாவது பணம் கட்டும். அதனால்தான் இந்தப் பதில். இல்லையென்றால் அவர் எழுதியதை அவர் பாட்டுக்கு விட்டிருக்கலாம்.

முதலில் அவருடைய கணக்கைப் பார்ப்போம். பூங்காவுக்குள் தனித்தனியாக வாங்கினால் சூப் 120, வறுவல் 250, பிரியாணி 300, ஐஸ்கிரீம் 130, ஆக ஆளுக்கு 800 ரூபாய். முன்கூட்டியே கட்டினால் 500. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு 3,200 ஆக வேண்டியது 2,000-இல் முடிகிறது, மிச்சம் 1,200 ரூபாய் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார். எந்தப் பூங்காவின் விலைப்பட்டியல் இது என்று அவர் சொல்லவில்லை. போகட்டும், உதாரணமாகவே எடுத்துக்கொள்வோம்.

பிழை கூட்டலில் இல்லை. சூப், வறுவல், பிரியாணி, ஐஸ்கிரீம் என்று ஆளுக்கு 800 ரூபாய்க்குச் சாப்பிடும் அந்த நாலு பேர் யார்? கொரட்டூரிலிருந்தோ பட்டாபிராமிலிருந்தோ வரும் ஒரு சாதாரணக் குடும்பம் பூங்காவின் சாப்பாட்டுக் கடைக்குப் போனால் என்ன நடக்கும்? அப்பா ஒரு பிரியாணி வாங்குவார், 300. அம்மா ஒரு எலுமிச்சைச் சாதம், 180 என்று வையுங்கள். பெரியவன் நூடுல்ஸ் கேட்பான், 200. சின்னவள் அம்மா தட்டில் இரண்டு வாய், அண்ணன் தட்டில் இரண்டு வாய் எடுத்துக்கொண்டு ஓடிவிடுவாள். சாயங்காலம் பிள்ளைகளுக்குத் தலைக்கொரு கோன் ஐஸ்கிரீம் 200, பெரியவர்களுக்கு டீ 80. மொத்தம் 960 ரூபாய். பூங்காவின் ஏறிய விலையில் வயிறாரச் சாப்பிட்ட கணக்கு இது. முன்பணம் கட்டிய குடும்பம் 2,000 கொடுத்திருக்கிறது. 1,200 மிச்சம் எங்கே? 1,040 நட்டமல்லவா வருகிறது?

எந்தச் செலவோடு ஒப்பிட்டு மிச்சம் சொல்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. யாருமே செய்யாத ஒரு செலவை முதலில் கற்பனை செய்துகொண்டு, அதைவிடக் குறைவாகச் செலவானதை மிச்சம் என்கிறார் அன்பர். இந்தக் கற்பனையும் அவருடையதல்ல. விலைப்பலகையை அப்படி வடிவமைத்த விற்பனைப் பிரிவுக்காரருடையது. அவர் அதற்குச் சம்பளம் வாங்குகிறார். அன்பர் இனாமாகவே செய்து கொடுத்திருக்கிறார்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீட்டுச் சாப்பாடு பங்கிட்டுச் சாப்பிடுகிற சாப்பாடு. ஒரு பொட்டலத்தைப் பிரித்தால் மூன்று கை நீளும். முன்பணத் திட்டம் இந்தப் பழக்கத்தின் கழுத்தில்தான் கை வைக்கிறது. அளவில்லாச் சாப்பாடு என்றால் ஒருவர் தட்டில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது, அதனால் வீட்டில் எத்தனை தலையோ அத்தனை கட்டணம். உயரத்தை அளந்து சின்னப் பிள்ளைக்கு நுழைவுச்சீட்டில் சலுகை கொடுக்கும் பூங்காக்கள் உண்டு. சாப்பாட்டு மேஜையில் அந்தப் பிள்ளையின் வயிற்றை யார் அளந்தார்கள்? புரட்டாசிச் சனிக்கிழமை கவுச்சி தொடாத பாட்டிக்கும், பிரியாணியை மூன்று தடவை வாங்கும் கல்லூரிப் பையனுக்கும் ஒரே விலை. அந்தப் பையன் சாப்பிடுவதற்கான காசைப் பாட்டி கொடுக்கிறாள். இதைத்தான் அன்பர் குடும்பத்துக்கு ஏற்ற திட்டம் என்கிறார்.

அவர் கட்டுரையிலேயே ரசித்துப் படிக்க வேண்டிய பகுதி, போட்ட காசை எடுப்பது எப்படி என்று அவர் சொல்லித்தரும் இடம். காலையில் எதுவும் சாப்பிடாமல் போக வேண்டும். சோறு, ரொட்டி பக்கம் போகக் கூடாது, வயிறு அடைத்துவிடும். கோழியும் பனீரும்தான் குறி. தண்ணீர் குடிக்கக் கூடாது. குளிர்பானத்தில் ஐஸ் போடச் சொல்லக் கூடாது. இரண்டாம் சுற்று முடிந்ததும் கொஞ்சம் நடந்துவிட்டு வந்து மூன்றாம் சுற்று. பிள்ளைகளுக்கும் இதைப் பழக்க வேண்டுமாம்!

பகல் ஒன்றரை மணிக்கு அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்குள் போய்ப் பாருங்கள். தலை துவட்டாத பிள்ளைகள், கணுக்கால்வரை சொட்டும் ஈரத் துணி, மணிக்கட்டில் ஊறிப்போன காகிதப் பட்டை. தட்டில் நூடுல்ஸ் மேல் குலாப் ஜாமூன் பாகு ஓடிக்கொண்டிருக்கும். அம்மா ஒரு கையால் பையைப் பிடித்துக்கொண்டு, சாப்பிடு சாப்பிடு, காசு கொடுத்திருக்கு என்பாள். பிள்ளையின் கண் ஜன்னலுக்கு வெளியே சுற்றும் ராட்டினத்தில் இருக்கும். இரண்டு கோழித்துண்டு கடித்த வாக்கில் கிடக்கும். வெறும் வயிற்றோடு வெயிலில் மூன்று மணி நேரம் ஆடிவிட்டு, எண்ணெய்ப் பண்டத்தைத் தொண்டைவரை திணித்துக்கொண்டு, உடனே தலைகீழாகச் சுழற்றும் ராட்டினத்தில் ஏறினால் என்ன ஆகும் என்று அன்பர் எழுதவில்லை. அதற்கு எந்தப் பூங்காவும் பணம் திருப்பித் தராது.

நேரத்தின் விலையும் அவர் கணக்கில் இல்லை. பூங்காவில் நாம் காசு கொடுத்து வாங்குவது ஏழெட்டு மணி நேரம். பகல் சாப்பாட்டு வேளையில் கூட்டமெல்லாம் தட்டேந்தி வரிசையில் நிற்கும்போது, மற்ற வேளைகளில் முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டிய ராட்டினங்களில் வரிசை குறைந்திருக்கும். பன்னிரண்டு மணிக்கே ஏதாவது கொறித்துவிட்டு அந்த நேரத்தில் ஏறுகிறவன் கெட்டிக்காரன். முன்பணம் கட்டியவனுக்கு அது முடியாது, கூப்பனில் குறித்த நேரத்துக்குள் போயாக வேண்டும். நுழைவுச்சீட்டுக்கு ஆயிரத்துக்கு மேல் கொடுத்தவன் 500 ரூபாய்ச் சாப்பாட்டை மீட்க ஒன்றரை மணி நேரத்தை விடுகிறான்.

அன்பரின் வாதங்களில் கொஞ்சமாவது வலுவுள்ளது ஒன்றுதான். ஒரு தடவை கட்டிவிட்டால் அப்புறம் மனசு நிம்மதி, பர்ஸை எடுத்து எடுத்து வைக்க வேண்டியதில்லை என்கிறார். உண்மைதான். உல்லாசப் பயணத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் அனுபவிக்கும்போது செலவு உறுத்தாது என்று டிராசன் பிரெலக், ஜார்ஜ் லோவன்ஸ்டீன் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1998-இலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நிம்மதிக்காகக் கட்டினேன் என்கிறவர் அடுத்த பத்தியிலேயே எத்தனை துண்டு கோழி, எத்தனை சுற்று, ஐஸ் போடாத கோலா என்று எண்ணிக்கொண்டிருக்கிறாரே, இது எந்த ஊர் நிம்மதி? நிம்மதி வேண்டுமென்றால் கணக்குப் பார்க்கக் கூடாது. லாபம் வேண்டுமென்றால் கணக்குச் சரியாக இருக்க வேண்டும். அன்பரிடம் இரண்டுமே இல்லை.

அடுத்து கேன்டீன் டோக்கன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் மாதாமாதம் டோக்கன் புத்தகம் வாங்கிச் சாப்பிட்டோமே, அது முன்பணம்தானே, அதில் நாம் நட்டமா பட்டோம் என்று கேட்கிறார். எஸ்டேட்டின் பெயரைச் சொன்னால் இந்தப் பக்கத்தில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள் என்ற தைரியம். மறுத்துத்தான் ஆக வேண்டும். தொழிற்சாலை கேன்டீன் முதலாளியின் தயவில் வந்ததல்ல. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் நடத்த வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 46-ஆம் பிரிவு விதித்தது. லாபமில்லாத விலை, அந்த விலையைப் பார்க்கத் தொழிலாளர் பிரதிநிதிகளும் உட்கார்ந்த குழு, கட்டடமும் எரிபொருளும் பாத்திரமும் சாப்பாட்டு விலையில் ஏறக் கூடாது என்ற விதி, இவையெல்லாம் இருந்ததால்தான் அந்த டோக்கன் மலிவாக இருந்தது. சாம்பாரில் பருப்பைக் காணோம் என்றால் யூனியன் ஆள் நேரே போய்க் கேட்பார். தீம் பார்க்கின் விலையை நிர்ணயிக்க அன்பரை எந்தக் குழுவில் உட்கார வைத்தார்கள்? இன்றைக்குப் போகாத டோக்கன் கேன்டீனில் நாளைக்குச் செல்லும். பூங்காக் கூப்பன் அன்றைக்குச் சாயங்காலமே செத்துவிடும். முன்பணம் என்ற ஒரே ஒற்றுமையை வைத்துக்கொண்டு இரண்டும் ஒன்று என்பது, சட்டை போட்டிருக்கிறார்கள் என்பதால் டிக்கெட் பரிசோதகரும் ஜேப்படிக்காரரும் ஒன்று என்பதைப் போல.

வெளிநாட்டுச் சாட்சி இல்லாமல் இந்தக் காலத்தில் வாதம் முடியாது. கலிபோர்னியாவில் சிக்ஸ் ஃபிளாக்ஸ் மேஜிக் மவுண்டன் பூங்காவில் ஆண்டுக்கு 150 டாலர் சந்தா கட்டி ஏழாண்டு காலம் மதியமும் இரவும் பெரும்பாலும் அங்கேயே சாப்பிட்டு, மிச்சம் பிடித்த காசில் கடன் அடைத்துக் கல்யாணமும் செய்துகொண்ட ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துகிறார் அன்பர். 2021-இல் உலகமெங்கும் செய்தியான கதைதான். ஆனால் அந்த மனிதரின் வேலையிடம் பூங்காவிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவு. அவர் வாங்கியது ஆண்டுச் சந்தா, நினைத்தபோது உள்ளே போய்ச் சாப்பிட்டுவிட்டு வெளியே வரலாம். அவர் ஜெயித்ததற்குக் காரணம் அவர் ஒருவராக இருந்ததுதான். எல்லாரும் அப்படித் தின்றிருந்தால் அந்தத் திட்டத்தை அடுத்த மாதமே மூடியிருப்பார்கள். நமக்கோ ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் நெரிசலைத் தாண்டிப் பூந்தமல்லி போய்ச் சேர்வதற்குள் காலைப் பலகாரம் செரித்துவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை போகிறவனுக்கு ஏழாண்டு தினமும் போனவனைக் காட்டி ஆசை மூட்டுவதை என்னவென்று சொல்வது?

அமெரிக்க உதாரணம்தான் வேண்டுமென்றால் நானும் தருகிறேன். ஃபுளோரிடாவில் டிஸ்னி பூங்காவின் உணவுத் திட்டம் இன்றைய வடிவில் 2005-இல் வந்தது, பெருந்தொற்றில் நின்று, 2024 ஜனவரியில் திரும்பி வந்தது. அறையில் தங்குகிறவர்களில் ஒருவருக்கு மட்டும் வாங்க முடியாது. ஒரே முன்பதிவில் உள்ள மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் சேர்த்துத்தான் வாங்க வேண்டும். மிஞ்சிய உணவுப் புள்ளிகள் அறையைக் காலி செய்யும் நாள் நள்ளிரவோடு போச்சு. கலிபோர்னியாவில் எப்படியோ ஃபுளோரிடாவிலும் செம்பரம்பாக்கத்திலும் இந்தத் தொழிலின் சூத்திரம் ஒன்றுதான்: எல்லார் தலையிலும் கட்டு, மிஞ்சியதைத் திருப்பித் தராதே. சாப்பாட்டில் மட்டுமா? உடற்பயிற்சிக் கூடங்களை ஆராய்ந்த டெல்லாவிக்னாவும் மால்மெண்டியரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், தலா 10 டாலருக்குச் சீட்டு கிடைக்கும்போது, மாதச் சந்தா கட்டியவர்கள் போன தடவைகளை வைத்துப் பார்த்தால் தடவைக்கு 17 டாலருக்கு மேல் கொடுத்திருந்தார்கள். முன்கூட்டிக் கட்டுகிறவன் தன்னைப் பற்றி உயர்வாக நினைத்துக்கொள்கிறான். தின்பதிலும் அப்படித்தான்.

இனி அன்பர் ஒரு வரிகூட எழுதாத விஷயம், வரி. உணவகச் சாப்பாட்டுக்குப் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி. பூங்கா நுழைவுக்கு 2018 ஜனவரி முதல் 18 சதவீதம். இரண்டையும் ஒரே விலையில் கட்டி ஒரே சீட்டாக விற்றால் என்ன வரி? 2017 சட்டத்தின் 8-ஆம் பிரிவு இரண்டு வழி சொல்கிறது. ஒன்றோடொன்று இயல்பாகச் சேர்ந்தவை என்றால் எது பிரதானமோ அதன் வரி. சும்மா கட்டி வைத்தவை என்றால் இருப்பதில் எது அதிகமோ அந்த வரி. எந்த வழியில் போனாலும் 18-இல்தான் வந்து நிற்கும். 2,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 100 ரூபாய் வரி கட்ட வேண்டிய இடத்தில் 360 ரூபாய். தயிர்சாதத்துக்கு ராட்டினத்தின் வரி! நுழைவும் சாப்பாடும் ரசீதில் தனித்தனியாக, தனித்தனி வரியோடு வருகிறதா என்று கேட்காமல் கட்டாதீர்கள். மிச்சம் பிடிக்கச் சொல்லித்தர வந்தவர் எழுதியிருக்க வேண்டிய முதல் வரி இது.

புளியோதரைக்கு வருவோம். வெளிச் சாப்பாட்டைப் பூங்காக்கள் அனுமதிக்காதது சுத்தத்துக்காக, உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்று ஒரு போடு போட்டிருக்கிறார். 2023 ஜனவரி 3-ஆம் தேதித் தீர்ப்பு திரையரங்குகளைப் பற்றியது. அரங்கு உரிமையாளர் தன் இடத்துக்கு விதி போட்டுக்கொள்ளலாம் என்றது. அந்த வாதத்தைப் பூங்காவுக்கும் நீட்டலாம், நீட்டுகிறார்கள். ஆனால் குடிதண்ணீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் அந்த விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் பதிவுசெய்ததுதானே? அந்தப் பாதியை அன்பர் ஏன் விழுங்கினார்? உள்ளே விற்பதை வாங்கித்தான் தின்ன வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு யாரையும் கட்டிப்போடவும் இல்லை.

சுத்தம் என்ற காரணம் எவ்வளவு தூரம் உண்மை என்பதற்குப் பங்குச்சந்தைக்குப் போனால் போதும். 2014-இல் பங்கு வெளியிட்ட வொண்டர்லா தன் முதலீட்டாளர்களுக்கு ஒவ்வொரு காலாண்டும் கணக்குச் சொல்கிறது. வருகிறவர் ஒருவரிடமிருந்து சராசரியாக டிக்கெட் வழியாக எவ்வளவு, டிக்கெட் அல்லாத வழியாக எவ்வளவு என்று பிரித்தே சொல்கிறது. அதில் தப்பில்லை, அது கம்பெனி, லாபம்தான் அதன் வேலை. அந்த இரண்டாவது எண்ணில் சாப்பாடு முக்கியமான பங்கு. புளியோதரைத் தூக்கு உள்ளே வந்தால் அந்த எண் இறங்கும். முதலீட்டாளரிடம் வருமானம் என்று வெளிப்படையாகச் சொல்லப்படுவதை, நம்மிடம் சுத்தம் என்று சொல்ல அன்பர் எதற்கு?

அந்தத் தூக்கை அவர் கேலி செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. விடியற்காலை எழுந்து புளிக்காய்ச்சல் கிளறி, வாழையிலையில் மடித்து, வறுத்த வேர்க்கடலையைத் தனிப் பொட்டலமாகக் கட்டி எடுத்துவரும் பெண்ணுக்குக் கணக்குத் தெரியாது என்கிறாரே, அந்த வீட்டில் மாசக் கடைசியைச் சமாளிப்பது யார்? உள்ளே விடவில்லையா, காருக்குள்ளோ வழியில் ஒரு மரத்தடியிலோ உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். பூங்கா திறப்பதே பத்து, பதினொன்றுக்குத்தான். வயிறு நிறையப் பலகாரத்தோடு போய், உள்ளே பசித்ததை மட்டும் வாங்கிச் சாப்பிட்டு, மூடும் நேரத்தில் வெளியே வந்து பூந்தமல்லியில் ஒரு பிரியாணியோ பரோட்டாவோ சாப்பிட்டு வீடு திரும்புகிற குடும்பம் எதையும் இழக்கவில்லை.

முன்பணத் திட்டம் யாருக்குமே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கம்பெனி செலவில் நூறு பேரை அழைத்துப் போகிறவர்கள், பள்ளிச் சுற்றுலா ஏற்பாடு செய்கிற ஆசிரியர்கள், பசித்த கல்லூரிப் பையன்களின் கும்பல், இவர்களுக்கு அது வசதி. ஆசிரியர் ஐம்பது பிள்ளைகளுக்குச் சில்லறை எண்ணிக்கொண்டு நிற்க முடியாது. அன்பர் இவர்களுக்கென்று எழுதியிருந்தால் இந்தப் பக்கம் மிச்சமாகியிருக்கும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். கவுண்டரில் காம்போ போட்டுடலாமா சார் என்று கேட்கும்போது, பயன்படுத்தாத கூப்பனுக்குப் பணம் திரும்புமா, மழையில் பூங்கா மூடினால் என்ன செய்வீர்கள், குழந்தைக்குத் தனி விலை உண்டா, வரி எவ்வளவு என்று நின்று கேளுங்கள். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும். பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். காசு வாங்கிக்கொண்டு சாப்பாடு போடவில்லை, திருப்பியும் தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் ஆகாவிட்டால், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி பூங்கா எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். ஆவடிக்காரருக்குத் திருவள்ளூர். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.